கிளாட்வின் சொல்லாத சொல்

தருமபுரத்தில் கிளாட்வின் வீட்டுக்கு முதல்முறை போனபோது, நான் செய்துகொண்டிருந்த வேலையின் மேல் எனக்கே பெரிய நம்பிக்கை இருக்கவில்லை.

வேலை இதுதான். பல்கலைக்கழக ஆய்வு ஒன்றுக்காகக் காரைக்கால் மாவட்டத்தில் முந்நூறு பேரின் பேச்சைப் பதிவு செய்யவேண்டும். ஒவ்வொருவரும் அரை மணி நேரம், கடந்த வருஷத்தில் மனதில் நின்ற ஏதாவது ஒன்றைப் பற்றி, தன் போக்கில் பேசலாம். அதை நான் ஒரு ‘ம்’கூட விடாமல் தட்டச்சு செய்து அனுப்புவேன். கணினி அந்தச் சொற்களை எண்ணும். என்ன பேசினார் என்பது அதற்குப் பெரிதல்ல. ‘நான்’ எத்தனை, ‘நாங்க’ எத்தனை, ‘ஆனா’ எத்தனை, ‘இல்ல’ எத்தனை என்று யாரும் கவனிக்காத சின்னச் சொற்களாகப் பார்த்து எண்ணும். எண்ணி முடித்துவிட்டு, இந்த ஆள் கூச்சக்காரர், இந்த ஆள் கலகலப்பானவர், இவர் எதற்கும் கவலைப்படுகிறவர் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கும். அது சரிதானா என்று பார்ப்பதற்கு இன்னும் இரண்டு படிவங்கள் உண்டு. ஒன்றைப் பேசியவரே தன்னைப் பற்றி நிரப்புவார். மற்றதை அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் நிரப்புவார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் ஆய்வு.

என் அப்பா கடலுக்குப் போகிறவர். அவரிடம் இதை விளக்கியபோது, “வாயில வர்ற சொல்ல எண்ணி ஆளச் சொல்லிருமாக்கும்” என்று சிரித்தார். எனக்கும் உள்ளுக்குள் அதே சிரிப்பு இருந்தது. கிளாட்வினைச் சந்திக்கும்வரை.

அவருக்கு நாற்பத்தோரு வயது. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் சரக்குக் கையாளும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் பதினாறு வருஷமாக எடைமேடையில் வேலை. கரி ஏற்றிய லாரிகள் அந்த மேடையில் ஏறி நின்று எடை பார்த்துக்கொண்டு இறங்கிப் போகும். ஒல்லியான ஆள். எவ்வளவு குளித்தாலும் காது மடிப்பில் ஒரு கோடு கரித்தூள் தங்கியிருக்கும். மனைவி சில்வியா டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் ஜூலியட், ஏழாம் வகுப்பு.

“வாங்க தங்கச்சி. வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க” என்றார். பிறகு பதிவுக் கருவியைப் பார்த்துவிட்டு, “எதப்பத்திப் பேசட்டும்?” என்று கேட்டார். எதைப் பற்றியும் பேசலாம் என்றேன்.

பேசினார். அதுவரை நான் எடுத்த நூற்றுப்பதினாறு பதிவுகளில் அப்படிப் பேசியவர் யாருமில்லை. மழையில் கரி மேட்டுக்குள் தண்ணீர் புகுந்து லாரிகள் எல்லாம் வரிசையாகத் தவம் கிடந்த கதை. எடைமேடைக்கு அடியில் ஒரு நாய் மாட்டிக்கொண்ட கதை. கிளீனர் பையன்கள் கத்துவதை அப்படியே கத்திக் காட்டினார். நாயைக் கடைசிவரை ‘பைரவரு’ என்றுதான் சொன்னார். சுவரில் இருதய ஆண்டவர் படம் மாட்டியிருக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இவர் நாயைப் பைரவர் என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சொற்களுக்குக் குறைவே இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

சில்வியாவுக்கும் அந்தப் பெருமை இருந்தது. படிவத்தை நிரப்பிக்கொண்டே, “எங்க வீட்டுக்காரரு பேசினாருன்னா கேட்டுக்கிட்டே இருக்கலாங்க. ஆனா ஒரு தடவகூட நான் செஞ்சேன், நான் கிழிச்சேன்னு பேச மாட்டாரு. என்னையவே நீன்னு கூப்பிட்டது கெடையாது. பதினாலு வருஷமாச்சு. எங்கக்காமாருக்கெல்லாம் அதுல ஒரே பொறாம” என்றார்.

மூன்று வாரம் கழித்து ஆய்வின் தலைவர் முனைவர் ஞானசௌந்தரி புதுச்சேரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“தமிழரசி, உங்க நூத்திப்பதினேழாம் ஆளு படிவத்த மாத்தி நெரப்பிட்டாரு போலிருக்கு. ஒண்ணுன்னா கொறச்சல், அஞ்சுன்னா அதிகம்ங்கறத தலகீழாப் புரிஞ்சுக்கிட்டாரோ என்னவோ. ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துருங்க.”

காரணம் இருந்தது. கிளாட்வினைப் பற்றிக் கணினி எழுதியிருந்தது இப்படி: தன்னைப் பின்னால் வைத்துக்கொள்பவர். முடிவெடுப்பதைவிட நடப்பதை ஏற்றுக்கொள்பவர். எதிரில் இருப்பவரை நேராகச் சுட்டிப் பேசத் தயங்குபவர். பணிவு மிக அதிகம். சில்வியாவின் படிவமும் ஏறக்குறைய அதையே சொன்னது. கிளாட்வினின் படிவம் மட்டும் முற்றிலும் வேறு ஆளுடையதாக இருந்தது. ‘கூட்டத்தின் முன் பேசப் பிடிக்கும்’ என்ற வரிக்கு ஐந்து போட்டிருந்தார். ‘பொறுப்பை முன்வந்து எடுத்துக்கொள்வேன்’ என்பதற்கும் ஐந்து. ‘என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புவேன்’ என்பதற்கு ஐந்து போட்டு, பேனாவால் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தார்.

மறுபடி தருமபுரம் போனேன். படிவத்தைப் பார்த்துவிட்டு, “மாத்தி எழுதலைங்க. யோசிச்சுத்தான் போட்டேன்” என்றார்.

“அப்பக் கம்ப்யூட்டர் வேற மாதிரி சொல்லுதேண்ணே?”

“அது சொன்னதப் பாக்கலாமா?”

பேசியவர் கேட்டால் காட்டலாம் என்பது விதி. இரண்டு பக்கங்களை அவர் கையில் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு லேசாகச் சிரித்தார். இரண்டாம் பக்கத்தில் எண்ணிக்கைப் பட்டியல் இருந்தது. மொத்தச் சொற்கள் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. எனக்கு: ஐம்பத்தெட்டு. என்னை: பதினேழு. உங்களுக்கு: இருபது. அதற்குக் கீழே நான்: பூச்சியம். நாங்க: பூச்சியம். நாம: பூச்சியம். நீங்க: பூச்சியம்.

அந்த இடத்தில் அவர் பார்வை நின்றது. மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இத யாரு எண்ணினது?”

“ஆளு யாருமில்லண்ணே. கம்ப்யூட்டரு.”

“தப்பா எண்ணியிருக்கலாம்ல?”

“எண்ணுறதுல அது தப்பு பண்ணாதுண்ணே.”

உள்ளேயிருந்து சில்வியா காபி கொண்டுவரும் சத்தம் கேட்டது. அவர் சட்டென்று தாளை மடித்து என் கையில் கொடுத்தார். “படிவம் சரிதான்னு சொல்லிருங்க” என்றார். காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் வந்தார்.

“தங்கச்சி, ஒரு சந்தேகம். அந்தக் கம்ப்யூட்டரு முழுச் சொல்லத்தான் எண்ணுமா, எழுத்து எழுத்தாவும் எண்ணுமா?”

“எண்ணச் சொன்னா எண்ணும்ணே. எந்த எழுத்து?”

“தகரத்துக்கு அடுத்த எழுத்து” என்றார்.

விடுகதை போடுகிறார் என்றுதான் நினைத்தேன். க, ங, ச என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். த. அடுத்தது ந.

மடிக்கணினியைத் திறந்து, அவருடைய மூவாயிரத்துச் சொச்சம் சொற்களையும் முதலெழுத்து வரிசையில் அடுக்கினேன். ‘த’ வரிசை இறங்கி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. அது முடிந்ததும் ‘ப’ தொடங்கிவிட்டது. நடுவில் ஒன்பதே வரிகள்.

மற்றவர்களுடைய பேச்சைச் சும்மா ஒன்றிரண்டு எடுத்து அடுக்கிப் பார்த்தேன். ஒருவருக்கு இருநூற்று முப்பது. இன்னொருவருக்கு முந்நூறு. நான், நாம, நம்ம, நீ, நேத்து, நல்ல, நாலு, நெறைய, நடந்து. இவை இல்லாமல் எந்த மனிதர் அரை மணி நேரம் பேசுவார்?

தட்டச்சு செய்த பக்கங்களைத் திரும்ப முதலிலிருந்து படித்தேன். இப்போது எல்லாம் தெரிந்தது. நேற்று என்று வரவேண்டிய இடத்தில் ‘முந்தாநாளுக்கு மறுநாள்’ என்று இருந்தது. நாலு பேர் என்பதற்கு ‘அஞ்சு பேருக்கு ஒருத்தர் கொறச்சல்’. நன்றாக என்பதற்கு ‘அருமையா’. நாகூருக்கு ‘வாஞ்சூருக்கு அந்தாண்ட’. நாய்க்குப் பைரவர். ‘நான் நினைத்தேன்’ என்று ஓர் இடத்திலும் இல்லை, ‘எனக்குத் தோணுச்சு’ என்றே எல்லா இடத்திலும் இருந்தது. ‘நான் முடிவு செய்தேன்’ இல்லை, ‘எனக்கு ஒரு முடிவு கெடச்சுது’. அந்த ஒன்பது சொற்களையும் பார்த்தேன். ‘நிறுத்து’, ‘நகரு’, இப்படி. ஒன்பதும் கிளீனர் பையன்கள் கத்துவதாக அவர் நடித்துக் காட்டிய இடங்கள்.

இந்தப் பேச்சை நான் நான்கு முறை காதில் மாட்டிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லையும் என் விரலால் அடித்திருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. இத்தனை ஓட்டைகளையும் அவர் எவ்வளவு அழகாகப் பூசி மெழுகியிருந்தார் என்றால், அதை நான் சொல்வளம் என்று ரசித்திருக்கிறேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த மனிதரை எண்ணியா, அதைக் கண்டுபிடித்த எந்திரத்தை எண்ணியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஞானசௌந்தரி மேடத்திடம் உடனே சொல்லவில்லை. முதலில் கிளாட்வினிடம் பட்டியலைக் கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. ஷிப்ட் முடிந்து அவர் வரும் மதியம், கடற்கரைச் சாலையில் அரசலாற்றைப் பார்த்துப் போட்டிருக்கும் ஒரு பெஞ்சில் சந்தித்தோம். ஒன்பது சொற்கள் இருந்த தாளை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சில பெயர்களை மட்டும் அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டியபடி, சொல்லத் தொடங்கினார்.

அப்போது அவருக்கு ஒன்பது வயது. வகுப்பில் பாடம் வாசிக்க எழுப்பினார்கள். வரி ‘ந’வில் தொடங்கியது. நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. காற்று வருகிறது, சத்தம் வரவில்லை. டீச்சர் திமிர் என்று நினைத்து அடித்தார். பையன்கள் ஒரு மாதம் அதே மாதிரி முகத்தைக் கோணிக் காட்டினார்கள். மற்ற எழுத்துகளில் அவருக்கு ஒரு சிக்கலும் இல்லை. அந்த ஓர் எழுத்தில்தான் அடைப்பு. அதனால் அந்த எழுத்தை விட்டுவிட்டுப் பேசினால் யாருக்கும் தெரியாது என்று அந்த வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

ஊர் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. சுற்றிலும் நிரவி, நெடுங்காடு, நன்னிலம், நாகூர், நாகப்பட்டினம். பதின்மூன்று வயதில் சனிக்கிழமைதோறும் நாகூரில் சித்தப்பா கடைக்குப் போகவேண்டியிருந்தது. கண்டக்டர் எங்கே என்று கேட்டால் ‘வாஞ்சூர்’ என்று சொல்லி, அங்கேயே இறங்கி, மீதி வழியை வெயிலில் நடந்து போவார். இரண்டு வருஷம் அப்படி நடந்தார். வீட்டில் கேட்டதற்கு, நடை பிடிக்கும் என்ற பொருள் வரும்படி ‘ந’ இல்லாமல் ஏதோ சொல்லிவைத்தார்.

துறைமுகத்தில் இரண்டு முறை அவரை ஷிப்ட் சூப்பர்வைசர் ஆக்கக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் என்றால் நாள் முழுக்க வாக்கிடாக்கியில் லாரி எண்களைச் சொல்லவேண்டும். நாலு, நாப்பது, நூறு. இரண்டு முறையும் தனக்குக் கீழே இருந்தவர்களின் பெயரைச் சொல்லித் தள்ளிவிட்டார். இரண்டாம் முறை தள்ளிவிட்ட வருஷம், நிறுவன விழாவில் அவருடைய பணிவைப் பாராட்டிச் சால்வை போட்டார்கள்.

மகள் பிறந்தபோது மாமியார் நான்சி என்று பெயர் வைக்க ஆசைப்பட்டார். கல்யாணமான பிறகு கிளாட்வின் ஒரு விஷயத்துக்காகச் சண்டை போட்டது அன்றைக்கு மட்டும்தான். இன்னொருவர் குரலில் நடிக்கும்போதும், கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து சொல்லும்போதும் மட்டும் அந்த எழுத்து தடையில்லாமல் வரும். பாவ அறிக்கை செபத்தில் நூறு பேர் குரலோடு தன் குரலும் சேர்ந்து ‘நான்’ என்று சொல்லும். வாரத்துக்கு ஒரு முறை அவர் வாயால் அவரே கேட்கும் ‘நான்’ அதுதான்.

“ஒரு வாக்கியத்த ஆரம்பிக்கறப்பவே அது போற வழியெல்லாம் மனசுக்குள்ள ஓடிப் பாத்துட்டு வரணும் தங்கச்சி. எங்க அந்த எழுத்து உக்காந்திருக்குன்னு பாத்து, அதுக்கு முந்துன சந்துலயே திரும்பிறணும். முப்பத்திரெண்டு வருஷமா மூளைக்கு இதான் வேல.”

“அந்தப் பட்டியலப் பாத்ததும் பயந்துட்டீங்களாண்ணே?”

“பயம் இல்ல.” ஆற்றைப் பார்த்தார். படகு ஒன்று முகத்துவாரம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. “பூசையில மணி அடிக்கறப்ப ஒடம்பு ஒரு மாதிரி அடங்கிப்போகுமே, அப்படி இருந்துச்சு. கூடப் பொறந்தவங்களுக்குத் தெரியாது. கட்டினவளுக்குத் தெரியாது. அர மணிப் பேச்சக் கேட்டுட்டு, இந்தாளுகிட்ட இது இல்லன்னு ஒண்ணு கண்டு சொல்லிருச்சு பாருங்க.”

“ஆனா உங்களப் பணிவானவருன்னு அது சொன்னது தப்புத்தானேண்ணே?”

“அது வேற. பாத்தது சரி, அர்த்தம் சொன்னதுதான் தப்பு. மத்தவங்க பாக்கவே இல்லயே.” பிறகு என் பக்கம் திரும்பி, “இவ்வளவு பேசினதுல எத்தனைன்னு எண்ணினீங்களா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே.”

“ஒண்ணுகூட இல்ல” என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “இன்னொரு தடவ பதிவு பண்ணலாமா? சில்வியும் பக்கத்துல இருக்கட்டும்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனேன். ஜூலியட் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தாள். சில்வியா இறால் உரித்துக்கொண்டிருந்த சட்டியோடு வந்து கீழே உட்கார்ந்தார். “மறுபடியுமா? முன்னப் பேசினது பத்தலயாமா?” என்று கேட்டார். நான் கருவியை ஓடவிட்டேன்.

கிளாட்வின் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் இறுக மூடின. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர் அல்லவா, சில்வியா சட்டியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். “என்னங்க, என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா? தமிழரசி, ஆட்டோவக் கூப்பிடுங்க!”

அவர் கையை நீட்டி மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். உட்கார் என்று சைகை செய்தார்.

“ந்… ந்… ந்…” சில்வியா மெதுவாக உட்கார்ந்தார். “நான் கிளாட்வின்.”

அதன்பிறகு இருபத்தேழு நிமிஷம் பேசினார். எந்தச் சந்திலும் திரும்பாமல் நேராகப் பேசினார். ஒவ்வொரு ‘ந’விலும் நின்றார், திக்கினார், வியர்த்தார், கடந்து போனார். சித்தப்பா கடையைச் சொன்னார். வாக்கிடாக்கியைச் சொன்னார். சால்வையைச் சொன்னார். நான்சி என்ற பெயரைச் சொன்னார்.

சில்வியா இறால் கை காய்ந்துபோக உட்கார்ந்திருந்தார். கடைசியில் மெதுவாக, “கல்யாணத்தன்னைக்கு வாக்குறுதி குடுக்கறப்ப, சாமியாரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீங்களும் கூடவே சொன்னீங்களே. அவசரக்கார மாப்பிள்ளன்னு கோயிலே சிரிச்சுச்சு” என்றார்.

“கூடச் சொன்னாத்தான் வரும்.”

“அப்ப என்னைய நீன்னு கூப்பிடாதது?”

அவர் ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

“அத மரியாதன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார் சில்வியா. எழுந்து சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கருவியை நிறுத்தினேன். அந்த வீட்டில் அதற்கு மேல் எனக்கு வேலை இல்லை என்று கிளம்பிவிட்டேன்.

நாலைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. ஒரு குடும்பத்துக்குள் போய்க் கையை விட்டுக் கலைத்துவிட்டேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போனபோது மருந்துக்கடைக்கே போனேன். சில்வியா கூட்டம் குறையும்வரை காக்கவைத்துவிட்டு வெளியே வந்தார்.

“கோவந்தாங்க. ரெண்டு நாளு மூஞ்சியவே பாக்கல. அக்காமாருகிட்ட அவ்வளவு பெருமையடிச்சிருக்கேன், கடைசில அது நாக்கு பெரளாததுதானான்னு. அப்பறம் முந்தாநேத்து கடையில ஒரு மணி நேரம் அந்த எழுத்து இல்லாம பேசிப் பாப்போம்னு ஆரம்பிச்சேன். அஞ்சு நிமிஷம் தாங்கல. மூணாவது ஆளுகிட்டயே மாட்டிக்கிட்டேன். ஒரே தலவலி.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “முப்பத்திரெண்டு வருஷங்க. இந்த ஆளு தூக்கத்துலகூடத் தப்பு பண்ணலயே. எவ்வளவு பெரிய மூளையோட குடும்பம் நடத்தியிருக்கேன்னு மலைச்சுப் போய்ட்டேன்.”

“இப்பப் பேசுறீங்களாக்கா?”

“நேத்து ராத்திரி சோறு போட்டேன். நீ சாப்பிட்டியான்னு கேட்டாரு. அந்த நீ வந்து சேர்றவரைக்கும் கரண்டியப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.” அதைச் சொல்லும்போது அவர் முகம் சிவந்துபோனது. “எனக்கு இன்னொரு படிவம் குடுங்க. முன்னாடி எழுதினது வேற யாரையோ பத்தி.”

முதல் படிவத்தைத் திருத்த விதி இல்லை. புதிதாக ஒன்றைக் கொடுத்து, தேதி போட்டு வாங்கிக்கொண்டேன். கிளாட்வினிடம் அனுமதி கேட்டு, எல்லாவற்றையும் ஞானசௌந்தரி மேடத்துக்கு அனுப்பினேன்.

இரண்டாம் பதிவைக் கணினிக்குக் கொடுத்தபோது அது வேறொரு தப்பு செய்தது. ‘ந், ந், ந்’ என்று நான் தட்டச்சு செய்திருந்ததை எல்லாம் எண்ணி, பதற்றம் மிகுந்தவர் என்று எழுதியது. மேடம் அந்தத் திக்கலுக்கென்று தனிக்குறி ஒன்று வைத்து, அதை எண்ணிக்கையிலிருந்து விலக்கி, மறுபடி ஓடவிட்டார். இப்போது பட்டியலில் ‘நான்’ எழுபத்தொன்று இருந்தது. வந்த பக்கத்தை என் கைபேசிக்கு அனுப்பினார். பொறுப்பேற்க விரும்புபவர். கருத்தை அழுத்திச் சொல்பவர். கூட்டத்தில் உற்சாகம் கொள்பவர். கிளாட்வினின் பழைய படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர் வட்டம் போட்ட ஐந்து உட்பட, வரிக்கு வரி ஒத்துப்போனது.

பேச்சு அதே ஆளுடையதுதான். நாக்குக்குப் பின்னால் ஓர் எழுத்து சிக்கியிருந்தது, அவ்வளவுதான். அது விலகியதும் தெரிந்தது, உள்ளே இருந்தவர் இத்தனை வருஷமும் அப்படியே முழுசாக இருந்திருக்கிறார்.

மேடம் அடுத்த வாரமே பஸ் ஏறித் தருமபுரம் வந்துவிட்டார். கிளாட்வினிடம், “இருபது வருஷமா வர்ற சொல்ல எண்ணிக்கிட்டிருக்கேன். நம்ம மொழியில நான், நீ, நாம எல்லாமே ஒரே எழுத்துல தொடங்குதுங்கறத ஒரு நாளும் யோசிச்சுப் பாக்கல. நீங்கதான் காட்டிக் குடுத்தீங்க” என்றார். அதற்குப் பிறகு முந்நூறு பேர் பதிவையும் முதலெழுத்து வரிசையில் அடுக்கிப் பார்த்தோம். இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவரிடம் ‘ப’ இல்லை. இன்னொருவர் ஒரு மீன் வியாபாரி அம்மா, அவரிடம் ‘க’ இல்லை. இந்த ஊரின் பெயரையே அவர் சொல்வதில்லை, டவுன் என்கிறார். கடலைத் தண்ணி என்கிறார். அவர் கூடையிலிருந்து நான் எத்தனையோ முறை மீன் வாங்கியிருக்கிறேன்.

அவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கிளாட்வினைக் கேட்டோம். அவர் வெகுநேரம் யோசித்தார்.

“ந்… நீங்களாப் போய்ச் சொல்லாதீங்க மேடம். அவங்களாத் தாளக் காட்டுங்கன்னு கேட்டா, காட்டுங்க. ந்… நான் கேட்டேன்ல.”

அப்படியே செய்தோம். இருவரும் இதுவரை கேட்கவில்லை. அந்த அம்மாவிடம் போய் நிற்கும்போதெல்லாம், அவர் வாய் திறக்கும் முன்னால் அந்த மனதுக்குள் எத்தனை சந்துகள் ஓடி முடிந்திருக்கும் என்று நினைத்து வாயடைத்துப் போகிறேன். காசைக் கொடுத்துவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

கிளாட்வின் அந்த வருஷம் சூப்பர்வைசர் வேலைக்குத் தானே எழுதிக் கொடுத்தார். கிடைக்கவில்லை. இரண்டு முறை வேண்டாம் என்ற ஆளுக்கு எதற்கு என்று வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அடுத்த வருஷமும் எழுதிக் கொடுத்தார். அப்போது கிடைத்தது. சில்வியா அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது பின்னால் ஜூலியட் கத்திக்கொண்டிருந்தாள்.

போன மாதம் வேறொரு பதிவுக்காகக் கீழவாஞ்சூர் போயிருந்தேன். வெளியே லாரிகள் வரிசையில் நின்றன. உள்ளே எடைமேடைக்குப் பக்கத்தில் கையில் வாக்கிடாக்கியோடு கிளாட்வின் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அடுத்த லாரியின் எண்ணைச் சொல்ல வாயெடுத்தார். நாற்பத்தேழு. கருவியில் இரைச்சல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் ஒருவரின் குரல் குறுக்கே வந்தது. “சார், சிக்னல் கட்டாவுது சார். ஒண்ணும் கேக்கல.”

அவர் அவசரப்படவில்லை. “ந்… நாப்பத்தேழு உள்ள வா” என்று சொல்லி முடித்தார். பிறகு, “சிக்னல் இல்லப்பா. அது ந்… நான்தான்” என்றார்.

“சரி சார்” என்றது அந்தக் குரல். நாற்பத்தேழாம் வண்டி உறுமிக்கொண்டு மேடையில் ஏறியது.